கழுவிய தொட்டியும் நன்னீர்ப் பஞ்சும்

காலை 5.55. கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட மலைநாட்டு ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் கிடைத்தது. 1999 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. மடியில் இரண்டு வெறும் தேர்மோஸ் போத்தல்கள். நிலையத்து வாசலில் அவற்றைத் திறந்து பார்த்த சிப்பாயிடம், ஒரு பிராணியைக் கொண்டுவரப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என்ன பிராணி என்று கேட்டார். கண் இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்புகூட இல்லை என்றேன். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. கடற்பஞ்சுக்கு நன்னீரில் வாழும் உறவுக்காரர் உண்டு. விலங்குகளின் வம்சமரத்தில் அடியிலேயே, எல்லோருக்கும் முன்னால் தனிக்குடித்தனம் போன கிளைகளில் அதுவும் ஒன்று. அதன் மரபணு ஒன்றை எழுத்தெழுத்தாக வாசித்து, அந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு தரம் குளத்துப் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். வெயில் படும் பஞ்சின் உடம்புக்குள் பச்சைப்பாசி குடியிருக்கும். இரண்டு தரமும் நான் பிரித்தெடுத்தது பாசியின் டி.என்.ஏ. திங்கட்கிழமை என் பேராசிரியர் மாதிரிகளோடு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் பறக்கிறார். அந்தப் பெட்டியில் என் குப்பி இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொண்டு மலேரியா நுளம்பு எண்ணப் போகலாம் என்று சொல்லியிருந்தார். எனக்கு நுளம்பு பிடிக்காது.

காலை 11.10. ஹட்டன். குளிர் காதைக் கடித்தது. என்னோடு படித்த கருணாகரன் நிலையத்தில் நின்றான். ஊரை விட்டு வந்து நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் போகும் மூடிய தொட்டியில் வெளிச்சமே படாத சுவரில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று எழுதியவன் அவன்தான். வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. கடிதத்தை வாசித்த அன்றே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்குப் பஸ் கட்டணம் பன்னிரண்டு ரூபாய், தூரம் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், வளைவுகளை நான் எண்ணவில்லை. இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே அரை மணிநேர ஏற்றம்.

பிற்பகல் 1.40. தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்களுக்குப் பொறுப்பான இராமையா நின்றார். நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்க மிஸ். நல்லா எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று சுண்ணாம்பு.

"காலைப் பெரட்டுலயே ஆபிசு ஐயா சொல்லிட்டாருங்க, கொழும்புலேர்ந்து தொட்டி பாக்க வர்றாங்கன்னு. நாலு பேரு எறங்கித் தேச்சோம். ஒரு பொட்டு அழுக்கு இல்லீங்க" என்றார்.

தோட்டத்தில் மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவி வெள்ளையடிப்பது வழக்கம். காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் உத்தரவு வந்தால் கேள்வி கிடையாது. கருணாகரன் தலையில் கை வைத்தான்.

"தொட்டி பாக்க ஒராள் வருது எண்டுதான் தோட்டக் கந்தோருக்கு எழுதினனான். ஏன் எண்டு எழுதேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அந்தத் தொட்டிக்குள்ளேயே தள்ளியிருப்பேன். தள்ளாமல் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இராமையா பதறிப்போனார்.

"மிஸ், நாங்க தப்பு ஏதும் செஞ்சிட்டோங்களா?"

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை ஐயா. சுவரில இருந்த வெள்ளையைத்தான் பாக்க வந்தனான்."

"அட, அந்த அசிங்கமா? அத வாளியிலதானே அள்ளி வச்சிருக்கேன். எவ்வளவு அழுக்கு எடுத்தோம்னு காட்ட வேணாமா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடிக்கும் முன்பே அள்ளியது, தொட்டித் தண்ணீரிலேயே கிடந்தது. துரு, சேறு, புழு, விளக்குமாற்று ஈர்க்கு. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு வெளுத்த துண்டுகள். உயிரோடிருந்தன, ஆனால் ஒவ்வொரு துவாரத்திலும் புழு. அப்படியே கொண்டுபோனால் இந்தத் தரம் புழுவின் மரபணுவை வாசிக்க வேண்டியதுதான்.

பாடப்புத்தகத்தில் ஒரு விஷயம் படித்திருந்தேன். பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து தனித்தனி உயிரணுக்களாக உதிர்த்துவிட்டாலும், அவை தண்ணீரில் ஊர்ந்து தம் இனத்தைத் தேடி ஒட்டிக்கொண்டு மறுபடி பஞ்சாகும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மனதார நம்பியதில்லை. பிழிந்து அவை சேராவிட்டால் இருப்பதும் போய்விடும். துணி வேண்டும் என்றேன்.

இராமையாவின் மனைவி லெட்சுமி அக்கா தன் பழைய நைலெக்ஸ் சேலையின் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தார். "கல்யாணத்துக்கு எடுத்ததுங்க. இவரு மேல கோவம் வர்றப்பல்லாம் கிழிக்கணும்னு நெனப்பேன். இப்பத்தான் காரணம் கெடச்சிச்சு" என்றார்.

பிற்பகல் 3 மணி. கருணாகரன் பாடசாலையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீர் நிரப்பி, அதில் பிழிந்தேன். கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியது, அவ்வளவுதான். புழுவும் துருவும் துணியில் தங்கின. லயத்து வாசலில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். லெட்சுமி அக்கா இஞ்சி போட்ட சாயத் தேநீர் கொடுத்தார்.

3.50. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் மணல்போலப் புள்ளிகள். 4.30க்குக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. புள்ளியும் புள்ளியும் சேர்ந்து கசகசா அளவில் வெள்ளை உருண்டைகள். துளிசொட்டியால் அவற்றை மட்டும் உறிஞ்சிப் புதுத் தண்ணீரில் விட்டேன். அழுக்கு பின்தங்கியது, உருண்டைகள் வந்தன. மறுபடியும் மாற்றினேன். நான் சிரிக்கத் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை.

"தனியாத் தனியா ஆனது எப்புடிங்க மிஸ் சேருது?" என்றார் இராமையா.

உயிரணுவின் மேல்தோலில் ஒருவகைப் பசை இருக்கிறது, தனியாகத் திரிந்த உயிரணுக்கள் சேர்ந்து வாழப் பழகிய காலத்தில் உண்டானது, அந்தப் பசையின் வழிவந்ததுதான் நம் உடம்பையும் உதிராமல் வைத்திருக்கிறது என்று சொன்னேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க அண்ணன் தம்பி நாலு பேருங்க. ரெண்டு பேர பிரஜாவுரிமை ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. இருவத்தஞ்சு வருசமாச்சு. இதுக்குத் தெரிஞ்ச வித்த எங்களுக்குத் தெரியலியே."

"நீங்க கடுதாசி போட்டாத்தானே அவுங்க சேர முடியும்?" என்றார் லெட்சுமி அக்கா. கருணாகரன் சிரித்தான். இராமையா சிரிக்கவில்லை, ஆனால் கிண்ணத்தை விட்டு நகரவும் இல்லை.

சனிக்கிழமை காலை 7 மணி. உருண்டைகள் வழுவழுப்பாகி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வேறொன்றும் இல்லாத சுத்தமான பஞ்சு. எண்ணினேன், நாற்பத்தொன்று. தேர்மோஸில் விட்டு, ஹட்டனில் மத்தியானத்துக்கு முன்பே ரயில் பிடித்தேன். ரயில் நகர்ந்தபோது தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஊரை நினைத்தேன். அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. கிணற்றடியில் வழுக்குவதையெல்லாம் பாசி என்றே வைது உரஞ்சித் தள்ளுவோம். எத்தனை வம்சங்களை அப்படித் தள்ளினோமோ.

திங்கட்கிழமை பேராசிரியரின் பெட்டியில் என் குப்பி ஏறியது. ஆறு வாரம் கழித்துத் தொலைநகலில் விடை வந்தது. பாசி இல்லை, புழு இல்லை, ஒரே வரிசை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பஞ்சு. வம்சமரத்தில் எங்கள் கிளை அடிமரத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. ஆய்வுகூட வராந்தாவில் நான் போட்ட கூச்சலுக்குக் காவலாளி ஓடி வந்தார்.

அந்த வரிசையை உலகத் தரவுத்தொகுப்பில் சேர்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் நோட்டன் பிரிட்ஜ் என்று தட்டினேன். அடுத்த கட்டம், சேகரித்தவர் பெயர். என் பெயரை எழுதுவதுதான் வழக்கம். ஆனால் சுவரிலிருந்து அதைச் சுரண்டியெடுத்தது நானில்லையே. இராமையா என்று எழுதினேன்.