சிரிப்பு என்று போட்டால் போதுமா?

பழைய கல்லூரிக் கலாட்டாப் படங்களுக்கு, காது கேளாதவர்கள் படிப்பதற்காகச் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. பேச்சோடு சத்தத்தையும் எழுத வேண்டும். ‘சத்தம் போடாதே’ என்றே கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த எனக்கு இன்று சத்தம்தான் சோறு. ஹெட்போனுக்குள் காது வெந்துகொண்டிருக்கும் சக ஜீவன்களே, என் பாடுகளில் கூடுதலாக ஒன்று உண்டு. என் எட்டு மாத மீனு குக்கர் விசிலுக்குத் திரும்புவதில்லை. முதல் காதுப் பரிசோதனையில் தேறவில்லை. அடுத்தது வெள்ளிக்கிழமை என்றார்கள். அந்த வாரக் கதை இது.

டிபன் பாக்ஸ்

ஒரு குண்டுப் பையனின் டிபன் பாக்ஸை ஒளித்துவைத்துக் கேன்டீனே கூத்தடிக்கிறது. ‘எல்லோரும் சிரிக்கிறார்கள்’ என்று எழுதி அனுப்பினேன். எங்கள் வரிகளைச் சரிபார்க்கும் ஷீபா அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வரி திரும்பி வந்தது. காட்சியை மறுபடி ஓட்டிக் கேட்டேன், அத்தனை சிரிப்பில் அவன் குரல் மட்டும் இல்லை. அக்கா எழுதியிருந்தார்: “எல்லோரும் இல்லை. அவன் பல்தான் தெரியுது, தோள் சிரிக்கலையே.”

புதுச் செருப்பு

இன்னொரு படத்தில், மகனைப் பார்க்க வந்த அப்பா, வழி தெரியாமல் பெண்கள் ஹாஸ்டலுக்குள் நுழைந்துவிடுவார். நகைச்சுவைக் காட்சிதான். இசைக்கு அடியில் ஒரு கிறீச் கிறீச். ‘புதுச் செருப்பு கிறீச்சிடுகிறது’ என்று போட்டேன். கதையில் இல்லாத செருப்பு எதற்கு என்று மலையாளியான டீம் லீட் பினு சார் வெட்டப் பார்த்தார். ஹெட்போனைக் கொடுத்தேன். காட்சி முடிந்தும் கழற்றவில்லை. “கிடக்கட்டே. எங்க அச்சனும் அட்மிஷனுக்குப் புதுசு வாங்கிப் போட்டு, கால் கொப்புளிச்சுதான் நின்னார்.”

வெள்ளிக்கிழமை

இரண்டு காதிலும் கேட்கவில்லை என்றார் டாக்டர். கருவி வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம் என்று ஏதேதோ சொன்னார். எனக்குத்தான் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் மீனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டுப் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்து ஷீபா அக்காவுக்கு எழுதினேன்: பயமாக இருக்கிறது, இவளிடம் எப்படிப் பேசுவேன் என்று.

அக்காவின் பதில் வந்தது: “எங்க அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் அழுவாங்க. அந்த முதுகை மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் படிக்கத் தெரியலை. நீ அழுதாலும் அவளைப் பார்த்து அழு.”

திரையில் ஒரு நேரத்துக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது என்று என்னைப் பாடாய்ப் படுத்தும் அக்கா எனக்கு மூன்று வரி எழுதியிருந்தார். மடியில் இருந்த மீனுவைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன், நான் ஒன்றையும் வெட்டச் சொல்லவில்லை.