பட்டுக்கு வைத்த பரீட்சை

என் அண்ணனுக்குப் புரோட்டீன் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில்தான் எனக்கு வரன் வந்தது. அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தான். வீட்டில் எதையும் சும்மா தின்ன விடமாட்டான். அவித்த முட்டையைப் பிட்டு, வெள்ளைக்கரு உருண்டை வகைப் புரோட்டீன் என்பான். நான் தலைக்குக் குளித்து வந்தால் ஈர முடி ஒன்றைப் பிடுங்கி இழுத்துக் காட்டுவான். முடியும் பட்டும் நார் வகையாம். முடிக்குள் புரோட்டீன் சங்கிலி மடங்கிக் கிடப்பதால் இழுத்தால் நீளுமாம்; பட்டில் அது ஏற்கெனவே நீட்டிக் கிடப்பதால் அவ்வளவாக நீளாதாம். எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

மாப்பிள்ளை ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நிச்சயம் பண்ண மடவார் வளாகம் தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவர் அம்மா தாம்பாளத்தில் மயில்கழுத்து நிறச் சேலையை வைத்து, மகனே அலைந்து எடுத்த பட்டு என்றார். அண்ணன் முந்தானையைத் தடவினான்.

"பட்டுன்னா பொசுங்குன முடி வாடை அடிக்கும். ரெண்டும் ஒரே இனம்லா," என்று சிரித்துக்கொண்டே முந்தானை மூலையில் நாலு இழை உருவி விளக்கில் காட்டினான். காகிதம் எரிகிற வாடைதான் வந்தது. அதோடு விட்டானா? "இது புரோட்டீனே இல்ல. மரக்கூழ்ல செஞ்ச நூலு," என்றான்.

மாப்பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. "கடைக்காரன் பட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான். எனக்குத் தெரியாது," என்றார்.

அவர் அம்மா சேலையைச் சுருட்டினார். "எம்பிள்ளைய எம்புட்டுக் கேவலப்படுத்தணுமோ அம்புட்டும் படுத்தியாச்சு. ஏலே, எந்திரி."

அண்ணன் தெருவரைக்கும் ஓடினான். "சேலையைத்தான் சொன்னேன், அவியள இல்ல," என்று கெஞ்சினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் சொன்னதில் எள்ளளவும் தப்பில்லை. அதுதான் என் ஆத்திரம். தப்பாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு ஒட்டவைத்திருக்கலாம். அதன் பிறகு எனக்கு எந்த வரனும் கூடிவரவில்லை. அண்ணன் கிறிஸ்துமஸ் தவறாமல் அசல் பட்டாக எடுத்துத் தருவான். மடிப்புக் கலையாமல் பெட்டியில் போட்டு வைப்பேன்.

யுத்த காலத்தில் செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மயில்கழுத்துச் சேலை கட்டியிருந்தாள். முந்தானை மூலையில் இழை உருவிய இடம் கோடாகத் தெரிந்தது. என் கண் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"கல்யாணச் சேலைக்கா. அவியளே அலைஞ்சு எடுத்தது. தொட்டுப் பாருங்க, பட்டு."

தொட்டேன். எதிரே, இடுப்பில் குழந்தையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பட்டு," என்றேன்.