குமிழ் வைத்த ஸ்டீரிங்

மாம்பழ வியாபாரி ஒருவர் என் கணவரைப் பார்த்து "பாவம்" என்றார். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கம் இருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய மிலிட்டரி லாரி வைத்திருந்தார்கள். சண்டைக் காலத்து வண்டி. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. ஓட்டுவது இவர், உத்தரவு போடுவது அண்ணன். மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரியில் கூடை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகும். மற்ற நாளெல்லாம் செங்கல், ராகி, கிடைத்ததை ஏற்றும்.

ஒரு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு லாரியின் பின்கதவு கொக்கி கழன்று இவர் வலது கைமேல் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. மிச்ச விரல்கள் மடங்கவில்லை. புண்கூட ஆறவில்லை, அதற்குள் அண்ணன் வேறு டிரைவர் தேடத் தொடங்கிவிட்டார். "தம்பி கிளீனரா கூட வரட்டும், இப்போ என்னா கெட்டுப்போச்சு?" என்றாராம். தன் லாரியிலேயே கிளீனர்! யாராவது வந்தால் இவர் வலது கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விரல்தானே போயிற்று, உள்ளங்கை போகவில்லையே. இடது கை கியர் போடும் நேரத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்க வேண்டியது வலது கை. வட்டத்தில் ஒரு குமிழ் இருந்தால் உள்ளங்கையாலேயே அமுக்கித் திருப்பிவிடலாம் என்று அவரே ஒரு நாள் முணுமுணுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மாங்காய்க் காலம் தொடங்குமுன் மாம்பழ வியாபாரி முன்னால் இவர் ஓட்டிக் காட்டட்டும், முடியாவிட்டால் உங்கள் இஷ்டம் என்று மாமியார் மூலமாக அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வேறு ஸ்டீரிங் வாங்கி மாட்ட முடியாது. அந்த வண்டிக்கு அதனுடையதுதான் பொருந்தும். அதுவோ வெயிலில் வெடித்து, கறுப்பு மேலுறை பொரிப்பொரியாக உதிர்ந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. மேலுறையைச் சுரண்டி எடுத்து, டயருக்கு ரப்பர் வைத்து வேகவைக்கும் கடையில் கொடுத்துப் புது ரப்பர் சுற்றினோம். கட்டில் கால் கடைகிறவரிடம் சொல்லி வேலமரத்தில் கைக்கு அடங்குகிற ஒரு குமிழ் கடைந்து வாங்கினோம். அதற்கு ஒரு இரும்புப் பட்டை போட்டு வட்டத்தில் இறுக்கி, மேலே ரப்பர் சுற்றி வேகவைத்துவிட்டார்கள். இனி அதை நகர்த்த முடியாது.

அதனால்தான் இடம் குறிப்பதில் அவ்வளவு பாடுபட்டோம். ஸ்டீரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே லாரியை ரோட்டில் நேராக நிறுத்தி, இவரைச் சீட்டில் உட்கார வைத்தேன். "கண்ணை மூடிக்கினு கையை வைங்க" என்றேன். கை தானாக எங்கே போய் விழுந்ததோ அங்கே கரிக்கட்டியால் கோடு போட்டேன். மேலுறையைச் சுரண்டும்போது உள்ளிரும்பிலும் அதே இடத்தில் கீறிவைத்தோம். குமிழ் உட்கார்ந்தது அந்தக் கோட்டின் மேல்தான்.

எங்கள் வீடு மேட்டில். லாரியின் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. அதனால் வீட்டு முன்னால் நிறுத்தும்போது முன்சக்கரத்தை நன்றாக ஒடித்து, மண்கரையில் முட்டக் கொடுத்துத்தான் நிறுத்துவது. ஸ்டீரிங் வெந்து வரும்வரை லாரி அப்படியேதான் நின்றது. வியாபாரி முன்னால் ஓட்டிக் காட்டும் அன்று காலை, லாரிக்குப் பூஜை போடுமுன் ஓசூரிலிருந்து மெக்கானிக் வந்து மாட்டினான். அப்போது இவர் பூஜைக்குக் குளிக்கப் போயிருந்தார், நான் அடுப்படியில். நாங்கள் வெளியே வருவதற்குள் ஸ்டீரிங்கின் நடுவே சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் சுற்றியாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி கிளம்பியது. முன்னால் இவர், அண்ணன், வியாபாரி. நான் பிடிவாதமாகப் பின்னால் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில்லாத ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரோட்டுக்கு வந்து கியர் மாற்ற இடது கையை எடுத்தார். வலது உள்ளங்கை குமிழைத் தேடியது. குமிழ் அங்கே இல்லை. இடது பக்கம் இருந்தது. வெறும் ரப்பரில் கை வழுக்கி லாரி ஓரத்துக்கு இழுத்தது.

"அண்ணா, குமிழ் கைக்கு வர மாட்டேங்குது. என்னமோ சரியில்ல."

"கையே இல்லாதவனுக்குக் குமிழ் என்னாத்துக்குடா ஆவும்?"

ஒரே தாய் வயிற்றில் கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது! அடுத்த கியருக்கு லாரி புளியமரத்தைப் பார்த்துப் பாய்ந்தது. ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாபாரி இறங்கி வேட்டியை உதறிக்கொண்டு, "பாவம்" என்றார். அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். லாரியை ரோட்டோரம் நேராகத் தள்ளி நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்தே திரும்பினோம்.

"கை போச்சு. விட்டுடு" என்றார் இவர். வந்த கோபத்துக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை.

காலையில் வாடிய மாலையை எடுத்துவிடலாம் என்று லாரிக்குப் போனேன். காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். ஸ்டீரிங்கின் நடுவே கம்பெனிக்காரன் போட்ட ஒரு பறவை உண்டு. அது தலைகீழாக இருந்தது. கால் இரண்டும் ஆகாயத்தில். கீழே குதித்து முன்சக்கரங்களைப் பார்த்தேன். நேராக நின்றன. சக்கரம் நேராக இருந்தால் பறவையும் நேராக அல்லவா நிற்க வேண்டும்? கரிக்கோடு போட்ட அன்று நேராகத்தான் நின்றது, என் கண்ணால் பார்த்தேன்.

ஓடிப்போய் இவரைக் கையோடு இழுத்துவந்தேன். சீட்டில் ஏறி, கண்ணை மூடி, வலது கையை வைத்தார். வெறும் ரப்பர். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நாலு பக்கமும் ஒரே மாதிரி கம்பி. பூவையும் சந்தனத்தையும் வேற அப்பிட்டாங்க. தலைகீழா மாட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அண்ணனிடம் போனோம். "பறவை எப்படி நின்னா என்னா? ஓட்டத் தெரியாதவன் சொல்ற சாக்கு" என்றார். அதுவரை அவர் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதில்லை. அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. "மெக்கானிக்கைக் கூப்புடுங்க மாமா. அவன் வர்ற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெக்கானிக் வந்து தலையைச் சொறிந்தான். "நான் என்னாம்மா செய்றது? ரோட்டுக்கு எடுத்துனு போயி சக்கரம் நேர் பாத்து மாட்டலாம்னுதான் சொன்னேன். பெரியவருதான், பூஜைக்கு நேரமாவுது, பொட்டு வைக்கிறப்ப பறவை கவுந்து கெடந்தா அபசகுனம், நேரா நிக்கிற மாதிரி மாட்டுன்னாரு."

சக்கரம் மண்கரையில் ஒடிந்து நிற்க, பறவை மட்டும் நேராக நிற்க வேண்டுமாம்! சக்கரம் நேரானதும் பறவை கவிழ்ந்தது, குமிழும் இடது பக்கம் போய்விட்டது. பொட்டுக்கு நேர் பார்த்தவர் தம்பி பிழைப்புக்கு நேர் பார்க்கவில்லை. "அதை நேத்தே சொல்றதுக்கு என்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று மெக்கானிக்கையும் ஒரு பிடி பிடித்தேன். அண்ணன் எங்களுக்கு முன்னால் லாரி நின்ற இடத்துக்கு நடந்தார்.

ரோட்டிலேயே ஸ்டீரிங்கைக் கழற்றி, பறவையை நிமிர்த்தி மாட்டினான். நான் அண்ணன் முன்னால் கையை நீட்டினேன். சாவி என் கைக்கு வந்தது. அண்ணனும் நானும் ஏறிக்கொள்ள, இவர் கிளப்பினார். கியர் விழுந்தது. உள்ளங்கைக்குக் கீழே குமிழ் இருந்தது. கிருஷ்ணகிரியில் அந்த வியாபாரியின் மண்டி வாசல்வரை லாரி கோடு கிழித்த மாதிரி போனது.

வியாபாரி வெளியே வந்தார். நாங்கள் இறங்குவதற்குள் அண்ணன் குதித்து முன்னால் போய், "என் தம்பி ஓட்டாம இந்த வண்டிய வேற எவன் ஓட்டுவான்? நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வாயையும் திறந்துவிட்டேன். அதற்குள் இவர், இறங்கும்போதே வழக்கம்போலக் கையில் சுற்றிக்கொண்ட துண்டை உருவித் தோளில் போட்டார். மண்டி ஆட்கள் எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் சேர்த்து வியாபாரியைக் கும்பிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். வியாபாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கூடை ஏத்தலாமா?" என்று இவரைக் கேட்டார், அண்ணனை இல்லை. வருஷக்கணக்கில் இவர்தான் ஓட்டினார். ஆனாலும் தப்பு தன்னுடையதுதான் என்று அண்ணன் ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.