வாசித்தும் சொல்லாத வரி

வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல், பச்சை மூடி. மச்சாள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எங்கள் படலையைத் திறந்து வந்த காலைப்பொழுது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கன்னத்தில் அறுவைச் சிகிச்சை செய்த தழும்பு ஆறிக்கொண்டிருந்த நேரம் அது. பேச்சு இன்னும் தெளிவாக வராது. ஆனாலும் கதிரையில் இருக்குமுன்பே, "மகன் அனுப்பியிருக்கிறான், வாசிச்சுச் சொல்லும்" என்று போத்தலை என் மடியில் வைத்துவிட்டார்.

எங்கள் ஊரான நாரந்தனையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யார் வீட்டுக்குப் பார்சல் வந்தாலும், அதிலுள்ள குளிசைப் போத்தலும் பூசுமருந்தும் சத்துமா ரின்னும் எங்களிடம் வந்து சேரும். இது எதற்கு, நாளுக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நாங்கள் வாசித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. டொக்குத்தர் மாதிரி புருவத்தை உயர்த்திக்கொண்டு வாசிப்பேன். கேட்கிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் அடிமை.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்த காலம் முழுவதும் அவரோடு இருந்தவர். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் தெரியாது, சிங்களமோ தண்ணீர் பட்ட பாடு. நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்த ஆங்கிலத்தில் ஒரு கட்டு முருங்கைக்காய்கூட விலைபேச முடியாது என்று என்னைச் சீண்டுவார். வெற்றிலையும் புகையிலையும் அந்தக் கடைக் காலத்தில் பழகியது. அண்ணன் இறந்த பிறகு அது இன்னும் கூடியது. விடச்சொல்லி நான் சண்டை பிடித்ததற்குக் கணக்கில்லை. வாய்க்குள் வந்த புண்ணை ஆறு மாதம் எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். சொன்னபோது அது புற்றுநோயாக இருந்தது.

ஒரே மகன் கனடாவில். அவனுக்கு இன்னும் அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைக்கவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது. தாய்க்கு வெட்டுகிறார்கள் என்று கேட்டும் வரமுடியாமல் கிடந்த பிள்ளை, தன்னால் முடிந்ததைச் செய்தான். அடுத்து நடக்கவிருந்த கதிர்ச் சிகிச்சை நல்ல உடம்பையும் எரிக்கும், அதைத் தாங்க இது வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடையில் இருந்தவற்றுள் வீரியம் கூடியதைத் தேடி வாங்கி அனுப்பினான்.

ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் இருந்ததை வாசித்தேன். விற்றமின் ஈ, பீற்றா கரோட்டின், இன்னும் இரண்டு மூன்று. எல்லாம் ஒட்சியேற்ற எதிரிகள், ஆங்கிலத்தில் அன்ரிஒக்சிடன்ற். அதைச் சொன்னால் மச்சாளுக்கு என்ன விளங்கும்? எங்கள் இரும்புப் படலையைக் காட்டினேன். உப்புக்காற்றுப் பட்டு அது கறள் பிடிக்கிறதுபோலத்தான் உடம்புக்குள்ளும் நடக்கிறது, இந்தக் குளிசை கறள் பிடிக்காமல் அடிக்கிற பெயின்ற் என்றேன். மச்சாள் படலையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் நல்ல விளக்கம் சொன்ன திருப்தி.

போத்தலின் பக்கவாட்டில் எறும்புபோலச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. வேறு சிகிச்சை பெறுகிறவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று. அதைக் காணவில்லை என்று சொன்னால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும். கண்டேன், வாசித்தேன், சொல்லவில்லை. எல்லாப் போத்தலிலும் சும்மா போடுகிற வரிதானே, எதற்கு இந்த மனுசியைப் பயப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

கதிர்ச் சிகிச்சை ஆறு கிழமைக்குமேல் நடந்தது. காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போனேன். வாயெல்லாம் வெந்து, கஞ்சியும் இறங்காத நாட்களிலும் குளிசையை மட்டும் விடமாட்டார். ஒன்று போடச் சொல்லியிருந்தேன், இரண்டாகப் போட்டார். பார்சலில் வருகிற சொக்லேற்றையும் சவர்க்காரத்தையும் அயல் முழுக்கப் பங்கிடுகிற மனுசி, இதை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வேறு ஏதும் மருந்து பாவிக்கிறாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டொக்குத்தர் எழுதித் தருவதுதான் அவருக்கு மருந்து, இது பிள்ளை அனுப்பியது. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. படித்த படிப்பு எங்கே போய்த் தொலைந்ததோ.

சிகிச்சை முடிந்து நாலு மாதத்தில் நோய் திரும்பி வந்தது, கழுத்தில். மறுபடி வார்ட்டில் சேர்த்தபோது, உடுப்புப் பையிலிருந்த போத்தலை ஓர் இளம் பெண் டொக்குத்தர் கண்டார். எடுத்துப் பக்கவாட்டைத் திருப்பினார். முதலில் சிறிய எழுத்தைத்தான் வாசித்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கறள் பிடிக்கிறது எப்போதும் கெட்டதில்லை. கதிர் போய்ப் புற்றுக் கலத்தைக் கொல்வதே பெரும்பாலும் அந்த வழியால்தான். சாப்பாட்டில் வருகிற பழமும் கீரையும் பரவாயில்லை. இவ்வளவு வீரியத்தில் குளிசையாகப் போட்டால், அது நல்ல கலத்தையும் காக்கலாம், கெட்ட கலத்தையும் காக்கலாம். அதற்கு ஆள் தெரியாது.

"இதாலதான் திரும்பி வந்தது எண்டு சொல்ல ஏலாது, அம்மா. குளிசை போடாட்டிலும் வந்திருக்கலாம். ஆனா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தணிந்த குரலில் சொன்னார். அன்றைக்கு மச்சாளிடம் உண்மையைச் சொன்னேன். அந்த வரியை நான் வாசித்தேன், சொல்லாமல் விட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய வாயால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார்.

"அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். பிள்ளை உடைஞ்சு போவான்."

சரி என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு குளிசையும் போடவில்லை. ஆனால் மகன் வீடியோவில் வரும்போதெல்லாம் போத்தலை எடுத்துக் கிலுக்கிக் காட்டுவார். மற்றப் பக்கத்தில் அவன் சிரிப்பான். கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பது நான். படம் ஆடாமலிருக்கச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்வேன்.

மச்சாள் போனபோது மகன் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகுதான் அவனுக்கு அனுமதி கிடைத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சேர்ந்தான். காரியமெல்லாம் முடிந்து, சாப்பிட்டவர்கள் போனபின் குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

"மாமி, நான் அனுப்பின குளிசையை அம்மா ஒழுங்காப் போட்டவவோ?"

"கதிர்ச் சிகிச்சை நடக்கேக்க ஒரு நாளும் விடேல்லைத் தம்பி."

அது உண்மை. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதான். வந்து பார்க்கக் குடுத்துவைக்கவில்லை, அதையாவது செய்தேனே என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மச்சாளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனதுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். தன்னோடு வேலை செய்கிற ஒருவரின் மனைவிக்கும் தொண்டையில் இதே வருத்தமாம், கதிர்ச் சிகிச்சை தொடங்கி ஒரு கிழமையாம். அவர்களுக்கும் அதே குளிசையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினானாம்.

அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து அதை நிறுத்தினேன். முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கோ ஒரு குளிர்தேசத்தில் அந்தக் குளிசையை விழுங்குகிறாள். மச்சாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆனாலும் அந்த வரியை இரண்டாவது தடவையும் வாய்மூடி விழுங்க எனக்கு உரிமை இல்லை.

"தம்பி, அவைக்கு இப்பவே ஃபோன் எடும். டொக்குத்தரைக் கேக்காமல் அதைப் போட வேண்டாம் எண்டு சொல்லும்."

ஏன் மாமி என்று கேட்டான். டொக்குத்தர் சொன்னதைச் சொன்னேன். இதால்தான் என்று சொல்ல ஏலாது என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். பிழை உன்னுடையதில்லை, வரியை வாசித்துவிட்டு விழுங்கியது நான் என்றும் சொன்னேன். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்று ஃபோன் எடுத்தான். பேசி முடித்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றான்.

இரண்டு நாளில் போய்விட்டான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இப்போது ஒன்பது மாதமாகிறது. நான் எடுத்தாலும் அவன் ஃபோன் எடுப்பதில்லை. அந்தப் பெண் சுகமாக இருக்கிறாளா என்று கேட்டு அறிய எனக்கு வேறு ஆளுமில்லை.