புத்தகம் வராத ஓணப் பருவம்

1. முதல் வாரம்

தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பகுதி இன்னும் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மூன்றாம் வகுப்பில் மலையாள டிவிஷன், தமிழ் டிவிஷன் என்று இரண்டு. நடுவே ஓலைத் தட்டி. தமிழ் டிவிஷன் என் பொறுப்பு.

ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழையோடு பள்ளி திறந்தது. மலையாளப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. தமிழ்ப் புத்தகங்கள் வரவில்லை. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர்.

"டீச்சரே, நம்ம புஸ்தகம் எப்ப வரும்னு ஆருக்கும் தெரியாது. பிள்ளையள மலையாள டிவிஷன்ல சேத்து இருத்துங்க. ஒரு பருவந்தானே."

"ஒருதடவை சேர்த்தா பிறகு பிரிக்க மாட்டாங்க சார்."

"அப்போ என்னத்த வச்சு படிப்பிப்பீங்க?"

பயிற்சிப் பள்ளியில் கற்றபடி பருவத்துக்கு ஒரு பாட ஸ்கீம் எழுதி வைத்திருந்தேன். புதிதாகப் பார்க்கும் பத்து வரியை வாசிப்பது, கேட்டெழுத்து, பெருக்கல் வாய்ப்பாடு, திசைகள், நம் ஊர், உடல் சுத்தம். இதில் எதற்கும் அச்சிட்ட புத்தகம் கட்டாயமில்லை என்று அவரிடம் காட்டினேன்.

"சரி. ஆவணியில ஓணப் பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. பிள்ளையள் வாசிக்கல்லன்னா டிவிஷன் போவும். உங்க போஸ்டும் போவும்" என்றார்.

2. திரேசம்மாளின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த பெற்றோரிடம், இந்தப் பருவம் பிள்ளைகள் என்ன படிக்கப்போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீன் விற்கும் திரேசம்மாள் குறுக்கிட்டாள். அவள் மகள் பிலோமினா என் வகுப்பு.

"புஸ்தகம் இல்லாத பள்ளிக்கூடத்துல எனக்க மொவ என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போறா? நான் மீன்கடவத்தோட ஊரு சுத்துறவ. வீட்டுல இருந்தா அவ தம்பியையாவது பாத்துக்கிடுவா."

"ஓணம் வரைக்கும் விடுங்க அம்மா. அவளுக்கு வாசிக்க வரலைன்னா நானே கூட்டிக்கொண்டு வந்து விடுறேன்."

"ஓணம் வரைக்கும் விடுதேன். அதுக்கு மேல கேக்கப்பிடாது" என்று தன் மீன்கூடையான கடவத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மழையைப் பற்றி எட்டு வரிப் பாடம் ஒன்று எழுதி, கரும்பலகையில் போட்டேன். ஒரே வாரத்தில் வகுப்பே கணீரென்று வாசித்தது. தட்டிக்கு அப்பாலிருந்து மலையாள டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினேன். பிலோமினா எழுந்து பழைய வரிசையிலேயே கணீரென்று சொன்னாள். மற்றவர்களும் அப்படியே. அவர்கள் பலகையைப் பார்க்கவே இல்லை.

நான் விடுவதாக இல்லை. அந்தப் பாடத்தை அழித்தேன். அதற்குப் பிறகு எந்தப் பாடமும் மறுநாளுக்கு நிற்கவில்லை. காலையில் பிள்ளைகளிடம் கேட்பேன், அவர்கள் சொல்வதை எழுதுவேன், மாலையில் அழிப்பேன்.

"எங்க அப்பனுக்க கரமடியில சாளை மட்டும்தான் கெடச்சுது டீச்சர்" என்றான் ஒரு பையன். 'என் அப்பாவின் கரமடி வலையில் சாளை மீன் மட்டுமே கிடைத்தது' என்று எழுதினேன்.

அவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு முகம் சுளித்தான். "நான் இப்பிடியா சொன்னேன்?"

பேசுவது வேறு, எழுதுவது வேறு என்று அன்று தொடங்கிய பேச்சு ஆடி முழுவதும் ஓடியது. யார் வீட்டுச் சங்கதி பலகையில் ஏறுகிறது என்று பார்க்கவே மழையிலும் பிள்ளைகள் வந்தார்கள். வாசிப்பு மட்டும் ஆமை வேகம். முன்பிருந்த கணீர் போய்விட்டது. ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஓணத்துக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணியபடி போவார்.

3. இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து வந்த மலையாளி. தமிழ் வாசிக்கத் தெரியும். தன் பையிலிருந்த மருந்துக் குப்பியின் மேல் சுற்றியிருந்த விளம்பரத் தாளை உருவி, பிலோமினாவிடம் நீட்டினார்.

"மோளே, இதை வாசி."

அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "இந்த... லேகியம்... தேக..." அடுத்த சொல்லில் நின்றாள். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன், இன்ஸ்பெக்டர் கை காட்டித் தடுத்தார்.

"எந்தா நின்னது?"

"நடுவுல உள்ள எழுத்து டீச்சர் இன்னும் படிப்பிச்சுத் தரல்ல. அதுக்கு மேல உள்ளது வாசிக்கட்டா?"

அது 'புஷ்டி' என்ற சொல். வடமொழி எழுத்துகளை அடுத்த பருவத்துக்கு வைத்திருந்தேன். அவள் அதைத் தாண்டி, மிச்ச வரிகளை வேர்க்க வேர்க்க வாசித்து முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: "மனப்பாடக் குட்டி எங்கேயும் நிக்காது. இது நின்னு. அது மதி, அது போதும். டிவிஷன் நடக்கட்டும்."

ஓணம் கழித்துப் புத்தகங்கள் வந்தன. திரேசம்மாளும் வந்தாள். ஒரு கையில் கடவம், மறுகையில் மூக்கொழுகும் பையன்.

"இவனும் அக்காகூட இருக்கட்டும் டீச்சரே. அழுதா வெளிய இருத்துங்கோ. பின்ன, இந்தப் பருவம் என்னத்தப் படிப்பிக்கப் போறியோ? அன்னைக்கு மாதிரி சொல்லுங்கோ."

வெயிலில் நின்றபடியே முழு ஸ்கீமையும் சொன்னேன்.

இன்று வகுப்புக்குள் புதிதாக நுழையும் ஆசிரியர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிள்ளை தடுமாறி நிற்கும் இடத்தில் அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். அங்கேதான் அது படித்துக்கொண்டிருக்கிறது.