இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, அங்கே கடை வைத்திருந்த என் கணவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெரு ராவுத்தர் வீட்டில் பேட்டரி ரேடியோ இருந்தது. சாயங்காலச் செய்தி கேட்க நாங்கள் பெண்கள் சிலர் அங்கே போவோம்.

ஒருநாள் செய்தி முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ராவுத்தர் வேறு ஸ்டேஷன் தேடிக் குமிழைத் திருகினார். மெல்லிய விசில் போல ஒரு நாதம் எழுந்தது. அதற்கு அடியில் யாரோ பாடினார்கள். அதற்கும் அடியில் புரியாத மொழியில் ஒரு குரல். எல்லாவற்றையும் கடலலை போன்ற இரைச்சல் தாலாட்டியது. என் உடம்பே மிதப்பதுபோல் இருந்தது. என் கணவரும் அந்தச் சத்தத்துக்குள் எங்கோ இருக்கிறார் என்று தோன்றியது.

“சரியா எடுக்க மாட்டேங்குதும்மா, நிறுத்திடறேன்” என்றார் ராவுத்தர்.

“வேணாண்ணே, அப்படியே வுடுங்க” என்றேன்.

அத்தனை நாள் அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அதன்பின் தினமும் செய்தி முடிந்ததும் ராவுத்தர் குமிழை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். பேட்டரி கிடைக்காத காலம். எனக்காக இப்படிச் செய்கிறாரே என்று கூச்சமாக இருந்தது.

ஆடி மாதத்தில் என் கணவர் காட்டுவழியே நடந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அதைச் சொல்ல ராவுத்தர் வீட்டுக்கு ஓடினேன். ராவுத்தரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“அவங்க தம்பியும் ரங்கூன்லதாம்மா இருந்தாரு. இன்னும் ஒரு சேதியும் இல்ல. அந்தக் கவலைய யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்கும் மனசு ஆறுது.”

உள்ளே ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. போய் ராவுத்தர் எதிரில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் தினமும் போனேன்.