வைத்தியச்சிக்கு வந்த புது விதி

எங்கள் ஆட்டத்தில் செத்தவரின் தாளில் வடையை மடித்துத் தின்பது வழக்கம். மீமிசலில் ஞாயிறு மதியம் மூன்று பேர் கூடுவோம்; ஒருவர் கதை நடத்த, மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடுவோம். பாத்திரத்தின் பலம், காயம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். செத்தால் அதில் வடை, அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக நான் வைத்தியச்சி. எந்தக் கிளாஸை, அதாவது எந்த வகைப் பாத்திரத்தை, எடுக்கிறோமோ அதன் விதிதான் நமக்கு. வைத்தியர் கிளாஸுக்கு விதிப் புத்தகத்தின் பழைய பதிப்பில் இருந்த விதியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வரும். விழுந்தவனைக் கிட்டப் போய்த் தொட்டால்தான் பிழைப்பான். தொட்டால் அந்த முறை நான் யாரையும் அடிக்க முடியாது. வீரனாக ஆடும் ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்ட் மேனேஜர் என்னைக் 'கம்பவுண்டரக்கா' என்றே கூப்பிடுவார்.

கதை நடத்தும் அண்ணன் சவூதியிலிருந்து வந்தபோது புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். இனி இதுதான் என்று எங்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். மேனேஜர் படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் அறந்தாங்கி பஸ்ஸில் வரி விடாமல் படித்தேன். பழைய விதிகளை எழுதி ஒட்டிய சார்ட் மட்டும் சுவரிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில், குகைக்குள் பூதம் வீரனைச் சாய்த்துவிட்டது. பூதத்துக்கும் உயிர் ஊசலாடியது. எனக்கு மிச்சம் இரண்டே உயிர்ப் புள்ளி, அடுத்த அடி என் மேல்தான்.

மேனேஜர் கையில் வடையோடு, "ஒங்க தாளைக் குடுங்கக்கா, சூடு ஆறுது" என்றார்.

"இங்கேருந்தே ஒங்களை எழுப்புறேன். அதே முறையில பூதத்தையும் அடிக்கிறேன்" என்றேன்.

அண்ணன் சார்ட்டைக் காட்டினார். "தொடாம எப்புடிம்மா? அங்கிட்டுப் போகணும்ல."

"புதுப் புத்தகத்துல மாத்திட்டாங்கண்ணே."

விதியில் தகராறு வந்தால், கதை நடத்துபவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பக்கத்தைக் காட்ட வேண்டும். அது எங்கள் சட்டம். அண்ணன் கொதிக்கக் கொதிக்க மடக் மடக்கென்று குடித்தார். நாக்கு வெந்திருக்கும், வேகட்டும். பாதி டீ இருக்கும்போதே பக்கத்தை விரித்து மூக்குக்கு நேரே நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"சரிதான். உருட்டும்மா."

இருபது முகப் பகடையில் பத்தொன்பது விழுந்தது. வீரன் எழுந்தான், பூதம் சாய்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மேசையைத் தட்டிச் சிரித்தேன்.

"ஏக்கா, நானும் வைத்தியராயிரவா?" என்றார் மேனேஜர்.

"மொதல்ல படிங்க."

அண்ணன் எழுந்து சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றிக் கிழித்தார். வைத்தியர் விதி இருந்த துண்டில் வடையை மடித்து என்னிடம் நீட்டினார். நான் இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.